எத்தனை பாடம், அண்ணா?

தீபாவளி முடிந்து மூன்றாவது நாள். முறுக்கு டின் பாதி காலி. தங்காக்கில் சித்தி வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். தங்கச்சி உள்ளேயிருந்து பள்ளியில் கொடுத்த ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். அடுத்த ஆண்டு அவள் படிவம் 4. எந்தப் பாடத் தொகுப்பு வேண்டும் என்று அடையாளமிட்டு, பெற்றோர் கையெழுத்தோடு திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டுமாம்.

"எத்தனை பாடம் எடுக்கட்டும், அண்ணா?"

எந்தப் பாடம் என்று அவள் கேட்கவில்லை என்பதை நான் அப்போது கவனிக்கவே இல்லை. யோசிக்காமல், "பதினொண்ணு எடு" என்றேன். அந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அதைச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருந்தது, எதற்காகச் சொன்னேன் என்று நான் யோசிக்க ஆரம்பித்ததே அதற்கப்புறம்தான்.

தங்காக் தெரியாத நண்பர்களுக்கு: ஜொகூரின் வட கோடியில், குனோங் லேடாங் மலைப் பக்கம் உள்ள சின்னப் பட்டணம். துணிக்கடைகளுக்குப் பேர் போன ஊர். சித்தியும் ஒரு துணிக்கடையில்தான் வேலை செய்கிறார். சித்தப்பா லாரி ஓட்டுகிறார். நான் பொறியியல் இரண்டாம் ஆண்டு. எங்கள் குடும்பத்தில் முதலில் பல்கலைக்கழகம் போனவன் என்பதால் படிப்பு விஷயத்தில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் என்னிடம் வருவார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கு அது கொஞ்சம் பெருமைதான். அந்தப் பெருமையில்தான் அவ்வளவு வேகமாகப் பதில் வந்தது.

வீட்டில் ஆளுக்கொரு எண். சித்தப்பா ஒன்பது போதும் என்றார். "டியூசன் காசு யாரு கட்டுறது?" சித்தி பத்து என்றார். கோயிலில் பார்க்கும் ஒரு மாமா பன்னிரண்டு எடுக்கச் சொன்னாராம். அவர் காலத்துப் பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான் எடுத்தார்களாம்.

கணக்கு எல்லாருக்கும் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அறிவியல் பக்கம் போகிற பிள்ளைக்கு மலாய்மொழி, ஆங்கிலம், நன்னெறி, வரலாறு, கணிதம், கூடுதல் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று ஒன்பது ஆகிவிடும். தமிழ் சேர்த்தால் பத்து. தமிழ் இலக்கியமும் சேர்த்தால் பதினொன்று. வெளியே டியூசனில் கணக்கியல் மாதிரி இன்னொன்று படித்தால் பன்னிரண்டு. அதாவது நம் பிள்ளைகளுக்கு 'எத்தனை பாடம்' என்ற கேள்வி எப்போதுமே பாதிக்கு மேல் தமிழைப் பற்றிய கேள்விதான். தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தத் தலைவலியே இல்லை. ஐந்து பாடம், 500 மதிப்பெண், எல்லாருக்கும் ஒன்றுதான். இலங்கையில் சாதாரண தரத்துக்கு 9 பாடம். பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் தொடக்கக் கல்லூரிக்குப் போக ஆறு பாடத்தின் புள்ளிதான் கணக்கு, 2028 சேர்க்கையிலிருந்து அதுவும் ஐந்தாகிறது. நமக்கு மட்டும் ஏன் இப்படி?

நூர் அமலினா சே பக்ரி என்ற பெயர் உங்கள் அண்ணன் அக்காமாருக்குத் தெரிந்திருக்கும். நம்ம ஜொகூர், உலு திராம் இடைநிலைப்பள்ளி மாணவி. 2004 எஸ்.பி.எம். தேர்வில் 17 பாடத்தில் 1ஏ எடுத்தார். நாடே கொண்டாடியது. பிறகு பந்தயம் சூடு பிடித்தது. 2008 தேர்வில் கிளந்தான் மீனவர் ஒருவரின் மகள் நிக் நூர் மடிஹா 20 பாடத்தில் ஏ எடுத்தார். இவர்கள் இருவர் மீதும் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் பத்திரிகையில் படம் வந்ததும் நாடு முழுக்கப் பெற்றோர்கள் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்களே, அதுதான் பிரச்சினை. உபகாரச் சம்பளம் கொடுப்பவர்களுக்கும் தலை சுற்றியது. 12 ஏ எடுத்தவருக்கா, 9 பாடம் எடுத்து 9ம் ஏ எடுத்தவருக்கா?

2009இல் கல்வி அமைச்சு ஒரு முடிவுக்கு வந்தது. 2010 முதல் ஒரு மாணவர் 10 பாடத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. பதினேழு, இருபது எடுத்தவர்களைத் தடுக்கச் சாத்திய கதவு, பதினொன்று எடுத்த நம் பிள்ளைகளின் விரலை நசுக்கியது. ஒன்பதோடு தமிழ் சேர்ந்தாலே பத்து நிறைந்துவிடும், இலக்கியத்துக்கு இடமே இல்லை. தமிழாசிரியர்களும் இயக்கங்களும் மகஜர் கொடுத்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள், கூட்டம் போட்டார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அரசாங்கம் இறங்கி வந்து, பத்தோடு இரண்டு என்று 12 வரை எடுக்க அனுமதித்தது. ஆனால் அந்தக் கூடுதல் இரண்டும் உபகாரச் சம்பளக் கணக்கில் வராது. படிக்கலாம், எண்ண மாட்டோம் என்று அர்த்தம். எனக்கு அப்போது நாலு வயது. இதெல்லாம் பின்னாளில் என் இலக்கிய ஆசிரியர் சொல்லித் தெரிந்துகொண்டது.

பிறகு 2024 ஜூன் இறுதியில் பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் ஓர் அறிவிப்பு செய்தார். எஸ்.பி.எம்.மில் 10 ஏ அல்லது அதற்கு மேல் எடுக்கும் எந்த இன மாணவருக்கும் மெட்ரிகுலேசன் இடம் உறுதி. அடுத்த ஆண்டே ஏ மைனஸ் அதில் சேருமா சேராதா என்று பெரிய சர்ச்சை வந்தது வேறு விஷயம். ஆனால் சித்தி மாதிரி அம்மாக்கள் மனதில் 'பத்து' என்ற எண் பச்சை குத்தின மாதிரி பதிந்துவிட்டது. அறிவியல் பிள்ளைக்குப் பள்ளியில் ஒன்பதுதான் வருகிறது. பத்தாவது எங்கேயிருந்து வரும்? தமிழிலிருந்து.

"தமிழ் எடுத்தாதான் பத்து வருது" என்று சித்தி சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. தமிழ் என்ன, இடம் நிரப்புகிற பாடமா? ஆனால் யோசித்துப் பார்த்தால் இதில் கோபப்பட எதுவும் இல்லை. நம்மில் எத்தனை பேர் சின்ன வயதில் சாமி கும்பிடவா கோயிலுக்குப் போனோம்? சுண்டலுக்கும் சர்க்கரைப் பொங்கலுக்கும்தான் போனோம். போகப் போகத்தான் சாமி தெரிந்தது. பத்துக்காகத் தமிழ் எடுக்கிற பிள்ளையும் தமிழ் படிக்கிற பிள்ளைதான். 'தமிழில் ஏ எடுப்பது கஷ்டம், அது உன் ரிசல்ட்டைக் கெடுத்துவிடும்' என்று சொல்லிச் சொல்லியே எத்தனையோ பிள்ளைகளை விலக்கி வைத்த நாம், இன்று அதே தமிழ் ஒரு கதவைத் திறக்கிறது என்றால் வேண்டாம் என்பதா?

ஆகவே பத்து வரை எனக்குக் குழப்பம் இல்லை. தமிழ் எடு என்று சொன்னதற்கு நான் வருத்தப்படவில்லை. நான் சொன்னது பதினொன்று. அங்கேதான் இடிக்கிறது.

அன்று நான் அவளிடம் என் பொறியியல் மூளையைக் காட்டினேன். தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். ஒவ்வொரு பாடத்திலும் ஏ எடுக்க உனக்கு 0.9 வாய்ப்பு, அதாவது பத்துக்கு ஒன்பது, என்று வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பத்துப் பாடம் மட்டும் எடுத்தால் பத்திலும் ஏ வர வேண்டும். 0.9ஐ பத்து முறை பெருக்கு. 35 விழுக்காடுதான் வரும். ஒன்றில் சறுக்கினாலும் போச்சு. பதினொன்று எடுத்தால் ஒன்று போனாலும் பத்து மிஞ்சும். அந்தக் கணக்குக்கு விடை கிட்டத்தட்ட 70 விழுக்காடு. வாய்ப்பு இரண்டு மடங்கு! ஜெனரேட்டர் இருக்கிற இடத்தில் இன்னொரு ஜெனரேட்டர் வைப்பது மாதிரி, இலக்கியம் உனக்கு உபரி என்றேன். சித்தி வாயைப் பிளந்து பார்த்தார்.

தங்கச்சி தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "எனக்கு 0.9ன்னு யாரு சொன்னா, அண்ணா?"

பதில் இல்லை. அன்று ராத்திரி படுத்தபடியே அந்தக் கணக்கை மறுபடி போட்டேன். இரண்டு ஜெனரேட்டரும் ஒரே டாங்கியிலிருந்து எண்ணெய் குடித்தால் இரண்டாவது எதற்கு? எண்ணெய் தீர்ந்தால் இரண்டும் சேர்ந்தே நிற்கும். பதினோராவது பாடம் வேறொரு பிள்ளையின் தூக்கத்தில் ஓடப்போவதில்லை. இவளுடைய அதே 24 மணி நேரத்தில்தான் ஓட வேண்டும். பாரம் ஏறி ஒவ்வொரு பாடத்திலும் வாய்ப்பு 0.9இலிருந்து 0.8க்கு இறங்கினால், பதினொன்று எடுத்துப் பத்து ஏ வாங்கும் வாய்ப்பு 32 விழுக்காடு. பத்தே எடுத்திருந்தால் 35. நான் காட்டிய இரண்டு மடங்கு லாபம் அப்படியே மறைந்து, அதற்குக் கீழேயும் போய்விட்டது. கணக்கில் பிழை இல்லை. அவள் களைத்துப் போவாள் என்பதை மட்டும் நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டுக்கொண்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

நானும் இலக்கியம் எடுத்தவன்தான். படிவம் 4இல் இருந்தபோது கோவிட். வகுப்பு கைப்பேசியில்தான் தொடங்கியது. பள்ளி திறந்த பிறகு சனிக்கிழமை காலையில் மூவாரில் ஒரு சின்ன மண்டபத்தில் கூடுவோம். ஏழு பேர். ஆசிரியர் ஒரு காசு வாங்கியதில்லை. நாங்கள் பசியோடு இருப்போம் என்று அவரே நாசி லெமாக் பொட்டலம் வாங்கி வருவார். படிவம் 5இல் தேர்வுக்குப் பெயர் பதிகிற சமயத்தில் நானும் என் கூட்டாளியும் விலகிவிட்டோம். "கூடுதல் கணிதத்துக்கு நேரம் வேணும், சார்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினேன். "சரிப்பா, நல்லா படி" என்று ஒரு வரி வந்தது. ஏழு ஐந்தாகியது. அடுத்த ஆண்டு மூன்று பேர்தான் சேர்ந்தார்கள் என்று கேள்விப்பட்டேன்.

மிச்சமான சனிக்கிழமைகளில் நான் கூடுதல் கணிதம் போட்டேன் என்று எழுதினால் அது பொய். முதல் இரண்டு வாரம் போட்டேன். அப்புறம் பதினொரு மணி வரை தூக்கம், சாயங்காலம் ஃபுட்சால். கூடுதல் கணிதத்தில் ஏ மைனஸ் வந்தது. இலக்கியம் எடுத்திருந்தாலும் அதேதான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு பாடத்தை விட்டால் அந்த நேரம் தானாக இன்னொரு பாடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று பெரியவர்கள் நம்புகிறார்கள். என் அனுபவத்தில் அது கட்டிலுக்குத்தான் போனது.

ஆக, "பதினொண்ணு எடு" என்று தங்கச்சியிடம் சொன்னது யார்? அவள் நன்மையை எடை போட்ட அண்ணன் இல்லை. ஒரு ஆசிரியரை அரைவழியில் விட்டுவிட்டு வந்தவன், தன் இடத்தில் இன்னொரு ஆளை உட்கார வைத்துக் கடனை அடைக்கப் பார்த்தான். அதுவும் அவளுக்குத் தெரியாமல்! விழுக்காடு, ஜெனரேட்டர் என்று அறிவியல் பூச்சு வேறு.

சிலர் கேட்கலாம்: நோக்கம் நல்லதுதானே, தமிழ் இலக்கியம்தானே, கஞ்சா விற்கச் சொன்னாயா? இந்தக் கேள்வியை நான் லேசாக ஒதுக்கவில்லை. நம் நிலைமையில் ஒவ்வொரு தலையும் கணக்கு. 1996 கல்விச் சட்டப்படி தேசியப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கக் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்க வேண்டும். பதினான்கு பேர் கேட்டால் சட்டம் நம் பக்கம் இல்லை. இலக்கிய வகுப்போ அதைவிட மெல்லிய நூலில் தொங்குகிறது. ஒவ்வொரு பிள்ளையும் 'எனக்கு எது லாபம்' என்று மட்டும் கணக்குப் பார்த்தால், எல்லாருடைய கணக்கும் தனித்தனியாகச் சரியாக இருக்கும், வகுப்பு மட்டும் இருக்காது. 2009இல் அத்தனை பேர் கத்திப் போராடி வாங்கிய இரண்டு இடம் காலியாகக் கிடக்கும். நான் விலகியபோது போட்ட கணக்கும் அந்த மாதிரி ஒன்றுதான். அதனால்தான் இன்னும் உறுத்துகிறது.

ஆனாலும், உறுத்தல் எனக்கு. பதினைந்து வயதுப் பெண்ணுக்கு ஏன் அது போக வேண்டும்? இரண்டு ஆண்டுகளின் சனிக்கிழமை அவளுடையது. ஒரு வேளை நழுவிப் போகும் மெட்ரிகுலேசன் இடமும் அவளுடையது. மேடையில் 'தமிழைக் காப்போம்' என்று பேசுகிற பெரியவர்கள் (கோயில் மாமாவையும் சேர்த்துத்தான்) இதில் எதை இழக்கிறார்கள்? வகுப்புக்கு இடம், ஆசிரியருக்குப் பெட்ரோல் காசு, பிள்ளைகளை ஏற்றி இறக்க ஒரு வேன் என்று அவர்கள் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. அதையெல்லாம் செய்யாமல் பாரத்தை எல்லாம் ஒரு பிள்ளையின் பாட அட்டவணையில் இறக்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை. அவளாகவே 'நான் சுமக்கிறேன்' என்றால் அது வேறு. அப்போது அது தொண்டு. நாம் தெரியாமல் ஏற்றிவிட்டால் அதற்குப் பெயர் வேறு.

நம் இயக்க வகுப்பில் கீதை படித்தவர்களுக்கு ஒரு இடம் நினைவிருக்கும். பதினெட்டாவது அத்தியாயம், 63ஆவது சுலோகம். போர்க்களம். எதிரே படை நிற்கிறது. நேரமே இல்லை. சொல்கிறவர் சாட்சாத் கிருஷ்ண பரமாத்மா. கேட்கிறவன் கையில் வில்லை நழுவவிட்டுக் கலங்கினவன். எல்லாம் சொல்லி முடித்த பிறகு அவர், இதையெல்லாம் மிச்சமில்லாமல் யோசித்துப் பார், பிறகு உன் விருப்பம் போலச் செய் என்கிறார். கடவுளே கடைசி முடிவை அர்ஜுனனிடம் விட்டார். நான் ஐந்து நொடியில் 'பதினொண்ணு' என்றேன்! இன்னொன்றும் அதில் கவனிக்க வேண்டியது. சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போய்விடவில்லை. தேர் ஓட்டினார். அர்ஜுனன் எந்தப் பக்கம் போனாலும் அதே தேரில்தான் அவரும்.

மறுநாள் காலையில் தங்கச்சியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஏழு பேர் கதை, வாட்ஸ்அப் வரி, ஃபுட்சால், ராத்திரி போட்ட இரண்டாவது கணக்கு. அண்ணன் என்ற கெத்து கொஞ்சம் போனது. அவள் சிரித்தாள். "அதான் நேத்து அவ்வளவு வேகமா சொன்னீங்களா?" பிறகு, நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். பரீட்சையே இல்லை என்றால் எந்தப் பாடத்தைப் படிப்பாய்?

"கம்ப்யூட்டர்" என்றாள் உடனே. கொஞ்ச நேரம் கழித்து, "இலக்கியமும் பிடிக்கும் அண்ணா. கதை படிக்கிறது பிடிக்கும். ஆனா அதையும் மார்க்குக்காக எழுத ஆரம்பிச்சா பிடிக்காமப் போயிடுமோன்னு பயமா இருக்கு."

நான் கொஞ்சம் ஆடிப்போனேன். இலக்கியம் வேண்டாம் என்கிற பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை என்றுதான் நான் எப்போதும் நினைத்திருந்தேன். பிடித்திருப்பதாலேயே தயங்குகிற ஒருத்தி என் வீட்டிலேயே இருக்கிறாள். ஒருத்தி ஒன்றை விரும்பினால் அதற்குத் தேர்வுச் சான்றிதழ் வேண்டுமா? வேண்டாம்தான். ஆனால் இங்கே தேர்வு இல்லாமல் எந்த ஆசிரியரும் எந்த மண்டபமும் சனிக்கிழமையும் கிடைப்பதில்லை. பதினைந்து வயதில் கதை படித்த எத்தனை பேர் இருபது வயதில் தமிழ்ப் புத்தகம் தொடுகிறோம்? என் அறையில் இருக்கும் ஒரே தமிழ்ப் புத்தகம் நான் தேர்வு எழுதாத அந்த இலக்கியப் பாட நாவல்தான். இந்த விஷயத்தில் அவள் சொல்வதும் சரி, அதற்கு எதிராக என் மனதில் ஓடுவதும் சரி என்றே இன்னும் தோன்றுகிறது.

கம்ப்யூட்டர் விஷயம் எளிதாக முடிந்தது. அவள் பள்ளியின் பாடத் தொகுப்புகளில் உயிரியலுக்குப் பதிலாகக் கணினி அறிவியல் உள்ள ஒன்று அந்தத் தாளிலேயே மூன்றாவது வரியில் இருந்தது. ஒன்பதா, பத்தா, பதினொன்றா என்று வீடே கூட்டிக்கொண்டிருந்தோம். ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்கலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. சித்திக்கு மனசு கேட்கவில்லை. உயிரியல் இல்லை என்றால் டாக்டர் இல்லை. "எனக்கு ரத்தம் பார்த்தாலே மயக்கம் வரும், உனக்குத் தெரியாதாம்மா?" என்றாள் தங்கச்சி. தெரியும்தான். தெரிந்தும் சித்தி இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

இலக்கியத்துக்கு ஒன்று தோன்றியது. தேர்வுக்குப் பெயர் பதிவது படிவம் 5இல்தான். அதுவரை ஓராண்டு இருக்கிறது. அதற்குள் வகுப்பில் உட்கார்ந்து பார்க்கலாமே? ஆனால் அதற்கு நான் ஆசிரியரைக் கூப்பிட வேண்டும். மூன்றரை ஆண்டாகப் பேசவில்லை. எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு தே தாரிக் முழுக்கக் குடித்து முடித்தேன். கூப்பிட்டால், "சொல்லுப்பா" என்று நேற்றுப் பேசினவர் மாதிரி பேசுகிறார். நான் விலகியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தங்கச்சி பதிவு செய்வாளா மாட்டாளா தெரியாது சார், வந்து உட்காரலாமா என்றேன். "வரச் சொல்லு. பேரு அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்.

யார் கொண்டுபோய் விடுவது? தங்காக்கிலிருந்து மூவாருக்குக் காடியில் அரை மணி நேரம். சித்தப்பா சனிக்கிழமையும் லாரியில் போய்விடுவார். சித்திக்குக் கடையில் சனி ஞாயிறுதான் கூட்டம். கோயில் மாமாவிடம் போய்ப் பேசினேன், பன்னிரண்டு எடுக்கச் சொன்னீர்களே, வாரத்தில் ஒரு நாள் கொண்டுபோய் விட முடியுமா என்று. ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, மாதத்தில் இரண்டு சனிக்கிழமை ஒத்துக்கொண்டார். நான் அவரைப் பற்றி மேலே எழுதியதைப் படித்தால் மன்னித்துவிடுவார் என்று நம்புகிறேன். மற்ற இரண்டில் ஒன்றுக்கு நான் ஊருக்கு வருகிறேன். இன்னொன்று போவதில்லை. ஞாயிறு ராத்திரி ஒன்பது மணிக்குக் கூகுள் மீட்டில் அவளுக்குக் கூடுதல் கணிதம் சொல்லித் தருகிறேன். மூன்று வாரம் நானே மறந்துவிட்டேன். அவள்தான் கூப்பிட்டுத் திட்டினாள்.

இதை எழுதும்போது ஒன்று தோன்றுகிறது. நான் பல்கலைக்கழகத்துக்குள் வந்தது மெட்ரிகுலேசன் புள்ளியால், 90 விழுக்காடு படிப்பு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கை. இங்கே வந்த பிறகு எஸ்.பி.எம்.மில் எத்தனை பாடம் எடுத்தாய் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. படிவம் 6 போன என் கூட்டாளி அங்கே படித்தது மொத்தமே நான்கு பாடம். பதினேழு வயதில் உலகமே அந்த எண்ணில்தான் தொங்குகிறது என்று இருந்தது. இதைத் தங்கச்சியிடம் சொன்னேன். அவள் அவ்வளவாக நம்பவில்லை. நானும் அந்த வயதில் நம்பியிருக்க மாட்டேன்.

போன மாதம் நான் கொண்டுபோய் விட்ட சனிக்கிழமை, வகுப்பில் நான்கு பிள்ளைகள் இருந்தார்கள். ஆசிரியருக்குத் தலை கொஞ்சம் நரைத்திருந்தது. நாசி லெமாக் பொட்டலம் ஆறு இருந்தது. வெளியில் நிற்கிறேன் சார் என்றேன். "எதுக்கு வெயில்ல? உள்ள வா" என்றார். பின்வரிசையில் உட்கார்ந்தேன்.

பெயர் பதிகிற நேரம் வர இன்னும் சில மாதம் இருக்கிறது. தங்கச்சி என்ன முடிவு என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.